பெட்ர் ஸ்வோபோடா: செக் தற்காப்பு வீரர் ஒருவரின் ஆட்ட வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ் ஹாக்கியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் கோல் அடிப்பவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். செக் ஹாக்கி என்றதும் யாரோமிர் யாகரின் பெயரோ கோல்கீப்பர் டோமினிக் ஹாஷெக்கின் பெயரோதான் முதலில் வருகிறது. அந்த நாட்டின் ஒரே ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்தை உறுதிசெய்த கோலை அடித்தவரோ தற்காப்பு வரிசையில் நின்று ஆடிய பெட்ர் ஸ்வோபோடா. அவருடைய ஆட்ட வாழ்க்கையைத் தமிழில் ஓரளவு முழுமையாகத் தர வேண்டும் என்ற விருப்பத்தில், இந்த விளையாட்டைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

பெட்ர் ஸ்வோபோடா யார்?

1966 பிப்ரவரி 14 அன்று அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் வடமேற்கிலுள்ள மோஸ்ட் நகரில் பிறந்தவர். 1984 முதல் 2001 வரை 17 பருவங்கள் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது என்.எச்.எல். போட்டிகளில், மொன்றியல், பஃபலோ, ஃபிலடெல்ஃபியா, டாம்பா பே ஆகிய நான்கு அணிகளுக்கு ஆடினார். வழக்கமான பருவ ஆட்டங்களில் அவர் கணக்கு: 1028 ஆட்டங்கள், 58 கோல்கள், 341 கோல் உதவிகள். அந்த லீக்கில் 1000 ஆட்டங்களை முதலில் எட்டிய செக் வீரர் அவர்தான். 1986 இல் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையும் 1998 இல் ஒலிம்பிக் தங்கமும் வென்றார்.

ஐஸ் ஹாக்கியில் தற்காப்பு வீரரின் வேலை என்ன?

ஒரு சமயத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர் பனித்தளத்தில் இருப்பார்கள். கோல்கீப்பர் ஒருவர், முன்கள வீரர்கள் மூவர், தற்காப்பு வீரர்கள் இருவர். பந்துக்குப் பதிலாக இந்த ஆட்டத்தில் பயன்படும் ரப்பர் வட்டோடு எதிரணி பாய்ந்து வரும்போது அவர்களுக்கு முகம் கொடுத்தபடியே பின்னோக்கிச் சறுக்கிச் செல்ல வேண்டியவர்கள் இந்த இருவர்தான். ஆளைப் பலகைச் சுவர்ப்பக்கமாக ஒதுக்குவது, வட்டு செல்லும் வழியில் மட்டையை நீட்டுவது, தங்கள் கோல்கீப்பரின் பார்வையை மறைத்து நிற்பவரை அப்புறப்படுத்துவது, கைக்கு வந்த வட்டைச் சேதமின்றி முன்கள வீரரிடம் சேர்ப்பது என்று வேலைகள் அடுக்கடுக்காக இருக்கும். தங்கள் அணி தாக்கும்போது இருவரும் எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக் கோட்டை ஒட்டி நிற்பார்கள். அங்கே நின்றால் வெளியேறப் பார்க்கும் வட்டைத் தடுக்கலாம். வாய்ப்பு அமைந்தால் தொலைவிலிருந்தே கோலை நோக்கி அடிக்கலாம்.

ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஒரு வீரர் பனியில் இருப்பார். பிறகு மூச்சு வாங்கிக்கொள்ள இருக்கைக்குத் திரும்புவார். அந்தச் சில விநாடிகளில் எதுவும் நடக்கவில்லை என்றால் தற்காப்பு வீரர் தம் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று பொருள். இதனால்தான் இவர்களுடைய திறமை புள்ளிவிவரத்தில் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஸ்வோபோடாவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

அவர் வளர்ந்த ஊர் எப்படிப்பட்டது?

மோஸ்ட் நகரம் பழுப்பு நிலக்கரிப் படுகையின் மேல் அமைந்திருந்தது. நிலக்கரிக்காகப் பழைய நகரத்தையே இடித்துத் தள்ள 1960களில் அரசு முடிவெடுத்தது. மக்கள் புதிதாகக் கட்டிய அடுக்ககங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கிருந்த பழைய கோதிக் பாணித் தேவாலயத்தை மட்டும் இடிக்காமல், 1975 இல் அப்படியே தண்டவாளத்தின் மேல் ஏற்றி, ஏறத்தாழ நான்கு வாரங்கள் மெல்ல மெல்ல நகர்த்தி, 841 மீட்டர் தொலைவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஸ்வோபோடாவுக்கு அப்போது ஒன்பது வயது. சொந்த ஊர் கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்த காலத்தில்தான் அந்த வட்டாரப் பிள்ளைகள் ஹாக்கி கற்றார்கள்.

பக்கத்து ஊர் லிட்வீனோவ். அங்கே பெரிய வேதியியல் தொழிற்சாலை இருந்தது. அதன் பெயரைத் தாங்கிய கிளப்பில்தான் ஸ்வோபோடா பயின்று, பதின்ம வயதிலேயே முதல்நிலை அணியிலும் இடம்பெற்றார். சிறிய ஊரின் கிளப்தான். செக் லீக் பட்டத்தை முதன்முறையாக வெல்ல அதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனினும் நல்ல வீரர்களை உருவாக்குவதில் தலைநகரக் கிளப்புகளுக்கு அது சளைத்ததில்லை. அதன் பலன் பின்னால், 1998 ஒலிம்பிக் நடந்த நகானோவில் தெரிந்தது.

1984 இல் அவர் ஏன் நாட்டைவிட்டு வெளியேறினார்? அனுமதி பெற்றுப் போகும் வழி இல்லையா?

இருந்தது, பதினெட்டு வயதுப் பையனுக்கு இல்லை. அன்று நாடு பொதுவுடைமைக் கட்சியின் ஆட்சியில் இருந்தது. நாட்டுக்காகப் பல ஆண்டுகள் ஆடி, முப்பதைக் கடந்த மூத்த வீரர்கள் சிலருக்கு மட்டும் ஹாக்கிச் சம்மேளனம் வெளிநாட்டில் ஆட அனுமதி தந்தது. யிர்ஷி பூப்லாவும், மோஸ்ட் நகரிலேயே பிறந்த இவான் ஹ்லின்காவும் 1981 இல் வான்கூவர் அணிக்குப் போனது அப்படித்தான். இளம் வீரர்களை அரசு விடவே விடாது. என்.எச்.எல். லீக்கில் ஆடியே தீர வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு ஓடிப்போவதைத் தவிர வேறு வழியில்லை. 1974 இல் வாட்ஸ்லாவ் நெடோமான்ஸ்கியும் 1980 இல் ஸ்லோவாக்கியச் சகோதரர்கள் பீட்டர், அன்டன் ஸ்டாஸ்ட்னியும் அப்படி வெளியேறினார்கள்.

1984 வசந்தத்தில் மேற்கு ஜெர்மனியில் நடந்த இளையோர் போட்டிக்குச் செக்கோஸ்லோவாக்கிய அணியுடன் சென்ற ஸ்வோபோடா திரும்பி வரவில்லை. அனுமதியின்றி வெளியேறுவது அன்று அந்த நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். போனவர் ஊருக்குத் திரும்பினால் சிறை. ஊரில் இருக்கும் குடும்பத்தாருக்கு விசாரணையும் வேலையில் சிக்கலும் வரலாம். பெற்றோரை மறுபடி எப்போது பார்ப்போம் என்ற உறுதி எதுவுமில்லாமல்தான் அவரைப் போன்றவர்கள் புறப்பட்டார்கள். அந்த ஆட்சி இன்னும் ஐந்தே ஆண்டுகளில் விழும் என்று 1984 இல் யாருக்கும் தெரியாது. பதினெட்டு வயதில் எடுக்கக்கூடிய முடிவுகளில் இதைவிடக் கனமானது இருக்குமா என்பது சந்தேகம்.

வீரர் தேர்வு நாளில் மொன்றியலில் என்ன நடந்தது?

என்.எச்.எல். அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியை டிராஃப்ட் என்பார்கள். 1984 இல் அது ஜூன் 9 அன்று மொன்றியல் ஃபோரம் அரங்கில் நடந்தது. முதல் இடத்தில் பிட்ஸ்பர்க் அணி மாரியோ லெமியூவை எடுத்தது. பிறகு கர்க் மல்லர், எட் ஓல்சிக், அல் ஐயாஃப்ராடீ ஆகியோர் தேர்வானார்கள். ஐந்தாவது வாய்ப்பு மொன்றியல் கனேடியன்ஸ் அணியுடையது.

இரும்புத்திரைக்குப் பின்னாலிருந்த பொதுவுடைமை நாட்டு இளைஞன் ஒருவனை அவ்வளவு முன்னால் தேர்ந்தெடுப்பது அன்று பெரும் சூதாட்டம். எடுத்த வீரர் வந்து சேரவே மாட்டார் என்றால் வாய்ப்பே வீணாகிவிடும் என்பதால், கிழக்கு ஐரோப்பிய வீரர்களைப் பல அணிகள் கடைசிச் சுற்றுகளுக்குத் தள்ளிவைப்பது வழக்கம். மொன்றியலின் மேலாளர் செர்ஜ் சவாரோ ஸ்வோபோடாவை ஏற்கெனவே நகருக்கு வரவழைத்து, அந்தச் செய்தி வெளியே கசியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது பெயராக ஸ்வோபோடா அறிவிக்கப்பட்டதும், ஐரோப்பாவில் எங்கோ இருப்பதாகப் பலர் நினைத்திருந்த அந்த ஒல்லிப் பையன் அரங்குக்குள் நடந்து வந்து அணியின் சட்டையை அணிந்துகொண்டான்.

அதே தேர்வில் மொன்றியல் அணி எட்டாவதாக ஷேன் கார்சனையும், 29ஆவதாக ஸ்டீஃபன் ரிஷேரையும், 51ஆவதாக பாட்ரிக் ருவா என்ற கோல்கீப்பரையும் எடுத்தது. ஒரே நாளில் ஓர் அணி இவ்வளவு நல்ல அறுவடை செய்தது அபூர்வம்.

மொன்றியலில் அவர் ஆட்டம் எப்படி இருந்தது?

முதல் பருவத்திலேயே 73 ஆட்டங்களில் இறங்கி, 4 கோலும் 27 உதவிகளும் பதிவுசெய்தார். மொழி தெரியாத ஊரில், தாமாக வீடு திரும்ப முடியாத நிலையில் இருந்த பதினெட்டு வயது வீரருக்கு இது சிறப்பான தொடக்கம். உயரம் சுமார் 185 சென்டிமீட்டர். ஆனால் உடம்பில் சதையே இல்லை. அந்தக் காலத்துத் தற்காப்பு வீரர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட மலைபோன்ற உடல்கட்டு அவருக்கு வாய்க்கவில்லை. அவருடைய பலம் சறுக்கும் வேகத்தில் இருந்தது. பின்னோக்கிப் போய்க்கொண்டே சட்டெனத் திரும்பி, வட்டை எடுத்து, முதல் பாஸைத் துல்லியமாகக் கொடுத்துவிடுவார். எதிரி சுற்றி வளைப்பதற்குள் வட்டு அவரிடம் இருக்காது.

1986 இல் கனேடியன்ஸ் அணி இறுதிச்சுற்றில் கால்கரியை 4–1 என்ற ஆட்டக்கணக்கில் வென்று ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. இருபது வயதான ருவாதான் அந்தக் கோப்பையின் நாயகன். ஸ்வோபோடா அந்த ஆண்டு, பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களில் எட்டில் மட்டுமே இறங்கினார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. லாரி ராபின்சனும் கிறிஸ் செலியோஸும் இருந்த தற்காப்பு வரிசை அது. இருபது வயது இளைஞருக்கு இடம் கிடைப்பதே கடினம். அவர் முழுமையாக மலர்ந்தது 1988–89 பருவத்தில். பாட் பர்ன்ஸ் பயிற்றுவித்த அணியில் 71 ஆட்டங்களில் 8 கோல், 37 உதவி என 45 புள்ளிகள் எடுத்தார். அவர் வாழ்க்கையின் உச்சக் கணக்கு அதுவே. அந்த ஆண்டும் இறுதிச்சுற்றில் அதே கால்கரிதான் எதிரணி. இம்முறை 4–2 என்று மொன்றியல் தோற்றது.

17 பருவங்களில் 58 கோல் என்பது மிகக் குறைவாகத் தெரிகிறதே?

சராசரியாகப் பதினேழு, பதினெட்டு ஆட்டங்களுக்கு ஒரு கோல். முன்கள வீரருக்கு இது வேலையை இழக்கும் கணக்கு. தற்காப்பு வீரருக்கு அப்படிப் பார்க்கக் கூடாது. 341 உதவிகளைப் பாருங்கள்: அத்தனை கோல்களுக்கு முந்தைய ஓரிரு தொடுகையில் அவர் மட்டை இருந்திருக்கிறது. இந்த விகிதமே அவரை விளக்கிவிடும். அடிப்பதைவிடக் கொடுப்பதை விரும்பிய வீரர்.

இன்னொரு எண்ணும் கவனிக்கத்தக்கது. விதிமீறலுக்காக விதிக்கப்படும் தண்டனை நிமிடங்கள் 1605. கணக்கின்படி கூட்டிப் பார்த்தால் ஒரு முழு நாளையும் தாண்டிவிடுகிறது. மெலிந்த உடம்பு, நயமான சறுக்கல் என்பதையெல்லாம் கேட்டு அவரைச் சாது என்று நினைத்துவிடக் கூடாது. மட்டையை நீட்டுவதிலும் சீண்டுவதிலும் அவர் யாருக்கும் பின்வாங்கியதில்லை. எதிரணி ரசிகர்களுக்கு அவரைப் பிடிக்காது. தம் அணியில் இருந்தால் எல்லோருக்கும் பிடிக்கும்.

மொன்றியலுக்குப் பிறகு?

1992 மார்ச்சில் கெவின் ஹாலருக்கு மாற்றாகப் பஃபலோ அணிக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டு கோடையில் சிகாகோவிலிருந்து ஹாஷெக்கும் பஃபலோவுக்கு வந்தார். இருவரும் அங்கே ஏறத்தாழ மூன்று பருவங்கள் ஒன்றாக ஆடியது, பின்னால் நடந்ததை அறிந்தவர்களுக்கு ஒரு முன்னோட்டம்போலத் தோன்றும். 1995 ஏப்ரலில் கேரி கேலிக்கு மாற்றாக ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். எரிக் லிண்ட்ராஸ் தலைமையிலான அந்த அணி 1997 இல் இறுதிச்சுற்றை எட்டி, டெட்ராய்டிடம் நான்கு ஆட்டங்களையும் இழந்தது. 1998 டிசம்பரில் கார்ல் டைக்ஹய்ஸுக்கு மாற்றாக டாம்பா பே அணியில் சேர்ந்தார்.

1989 மாற்றத்துக்குப் பிறகு அவர் நாட்டுக்குத் திரும்ப முடிந்ததா?

1989 நவம்பரில் வெல்வெட் புரட்சி என்று பெயர்பெற்ற அமைதிப் போராட்டத்தால் பொதுவுடைமைக் கட்சியின் ஒற்றையாட்சி முடிந்தது. ஓடிப்போனவர்கள் குற்றவாளிகளாகக் கருதப்பட்ட நிலை மாறியது, எல்லை திறந்தது. அதற்குப் பிறகு செக் வீரர்கள் என்.எச்.எல்.லுக்குப் போக எவருக்கும் தெரியாமல் ஓட வேண்டியிருக்கவில்லை. 1990 இல் தேர்வான யாகர், ஊரறிய விமானம் ஏறிப் பிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார். ஸ்வோபோடாவுக்கும் யாகருக்கும் வயதில் ஆறே ஆண்டு வித்தியாசம். அந்த ஆறு ஆண்டுக்குள் ஒரு நாட்டின் வரலாறே புரண்டுவிட்டது. 1993 தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரிந்ததால், ஸ்வோபோடா விட்டுச் சென்ற நாடு வரைபடத்திலேயே இல்லாமல் போனது. ஒலிம்பிக்கில் அவர் ஆடியது செக் குடியரசு என்ற புதிய நாட்டுக்கு.

நகானோ ஒலிம்பிக் செக் மக்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம்?

செக்கோஸ்லோவாக்கியா உலகத்தரமான ஹாக்கி நாடு. உலக சாம்பியன் பட்டங்கள் பல வென்றது. ஒலிம்பிக்கில் மட்டும் 1948, 1968, 1976, 1984 ஆகிய நான்கு முறை வெள்ளியோடு நின்றுவிட்டது. தங்கம் என்பது தலைமுறைகளாகக் கைக்கெட்டாத ஏக்கம்.

1998 பிப்ரவரியில் ஜப்பானின் நகானோ நகரில் நடந்த போட்டிக்காக, வரலாற்றில் முதன்முறையாக என்.எச்.எல். தன் பருவத்தையே இடைநிறுத்தி வீரர்களை அனுப்பியது. உலகின் மிகச் சிறந்த வீரர்கள் அனைவரும் ஒரே களத்தில் என்பதால் நூற்றாண்டின் போட்டி என்று செக் மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். கனடா, அமெரிக்கா ஆகிய அணிகளில் எல்லோருமே என்.எச்.எல். நட்சத்திரங்கள். செக் அணியிலோ ஏறத்தாழப் பாதிப் பேர் ஐரோப்பியக் கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். பயிற்சியாளர் ஹ்லின்கா, அணித்தலைவர் விளாடிமிர் ரூஷிச்கா.

பின்லாந்தை 3–0 என்றும் கஜகஸ்தானை 8–2 என்றும் வென்ற அணி, பிரிவு ஆட்டத்தில் ரஷ்யாவிடம் 1–2 எனத் தோற்றது. காலிறுதியில் அமெரிக்காவை 4–1 என வீழ்த்தியது. அரையிறுதியில் எதிரணி கனடா. தற்காப்பு வீரரான யிர்ஷி ஷ்லேகர் செக் அணிக்கு முன்னிலை தந்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் மூன்று விநாடி இருந்தபோது டிரெவர் லிண்டன் சமன்செய்தார். கூடுதல் நேரத்திலும் முடிவு கிடைக்காமல் பெனால்டி அடிகளுக்குப் போனது. ராபர்ட் ரைஹெல் ஒருவரே கோல் போட்டார். கனடாவின் ஐவரையும் ஹாஷெக் வெறுங்கையோடு அனுப்பினார். ஐவர் பட்டியலில் வெய்ன் கிரெட்ஸ்கியின் பெயரைக் கனடியப் பயிற்சியாளர் சேர்க்காதது இன்றுவரை பேசப்படும் செய்தி.

இறுதி ஆட்டத்தில் அந்தக் கோல் எப்படி விழுந்தது?

1998 பிப்ரவரி 22. எதிரில் மீண்டும் ரஷ்யா. அதுவரை ஒரு ஆட்டத்திலும் தோற்காத அணி. ஐந்து ஆட்டங்களில் 26 கோல் அடித்திருந்தது. அரையிறுதியில் பாவெல் புரே ஒருவரே பின்லாந்துக்கு எதிராக ஐந்து கோல் போட்டிருந்தார். நேர வேறுபாட்டால் செக் தலைநகர் பிராகில் அது விடியற்காலை. பழைய நகரச் சதுக்கத்தில் குளிரையும் பொருட்படுத்தாமல் மக்கள் பெரிய திரைக்கு முன்னால் கூடி நின்றார்கள்.

இருபது நிமிடப் பகுதிகள் மூன்றில் முதல் இரண்டும் கோலின்றி முடிந்தன. மூன்றாம் பகுதியில் எட்டு நிமிடம் எட்டு விநாடி, அதாவது ஆட்டத்தின் 48:08ஆவது கணத்தில், ரஷ்யப் பகுதியில் பாவெல் பாட்டெரா, மார்ட்டின் புரோஹாஸ்கா ஆகிய இருவரின் வழியாக வட்டு பின்னால் நின்ற ஸ்வோபோடாவிடம் வந்து சேர்ந்தது. அவர் அதைத் தொலைவிலிருந்து ஓங்கி அடித்தார். முன்னால் நின்றவர்களின் நெரிசலைக் கடந்து, கோல்கீப்பர் மிகைல் ஷ்டாலென்கோவையும் தாண்டி, வட்டு வலைக்குள் போனது. 1–0.

தற்காப்பு வீரர்கள் பருவத்துக்கு நூறு முறை செய்யும் செயல்தான் இது: வட்டு வந்தது, முன்னால் கூட்டம், அடி. பெரும்பாலும் அது யாருடைய காலிலாவது பட்டுத் தெறிக்கும், அல்லது கோல்கீப்பரின் கையுறையில் அடங்கும். ஸ்வோபோடாவின் வலிமை கோல் அடிப்பதில் இல்லை என்று மேலே எண்களோடு சொன்னேன். அந்த ஒல்லியான தோள்களிலிருந்து, அந்த ஒரு விநாடியில், தயக்கம் சிறிதும் இல்லாமல் அடி வந்தது. மீதமிருந்தது 11 நிமிடம் 52 விநாடி. அதன் பிறகு அவர் செய்ய வேண்டியிருந்தது, தம் வழக்கமான வேலையைத்தான்: எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. எதுவும் நடக்கவில்லை.

இந்தக் கோல் என்.எச்.எல். கணக்கிலுள்ள 58 இல் சேராது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தங்கத்தை வென்று தந்தவர் ஹாஷெக்தானே?

ஹாஷெக்கின் பங்கை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்கா, கனடா, ரஷ்யா என்ற மூன்று வல்லணிகளோடு நடந்த வெளியேற்றுச் சுற்று ஆட்டங்களில் அவர் விட்டது மொத்தம் இரண்டே கோல். பிராகில் திரண்ட மக்கள், குடியரசுத் தலைவர் மாளிகையைச் சுட்டி “ஹாஷெக் கோட்டைக்கு!” என்று முழங்கியதும் நியாயமே. ஆனால் எவ்வளவு அருமையாகத் தடுத்தாலும் 0–0 என்று வைத்துக்கொண்டு தங்கம் வாங்க முடியாது. தவிர, எதிரியைக் கோணல் பக்கமாக ஒதுக்கி, தெறித்த வட்டை உடனுக்குடன் அகற்றிய தற்காப்பு வரிசையும் அந்தச் சுவரின் ஒரு பகுதி. ஸ்வோபோடாவும் ஷ்லேகரும் ரோமன் ஹம்ர்லீக்கும் ரிச்சர்ட் ஷ்மேலிக்கும் அந்த வரிசையில் இருந்தவர்கள்.

லிட்வீனோவ் கிளப்புக்கும் இந்தத் தங்கத்துக்கும் உள்ள தொடர்பு என்ன?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அரையிறுதியில் ஆட்ட நேரத்துக்குள் செக் கோலை அடித்த ஷ்லேகர் லிட்வீனோவில் வளர்ந்தவர். 1981 இல் வான்கூவர் போன பூப்லாவின் மகன். பெனால்டி அடியில் கனடாவை வெளியேற்றிய ரைஹெல் லிட்வீனோவிலேயே பிறந்தவர். இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் ஸ்வோபோடா. அணித்தலைவர் ரூஷிச்காவும் முன்கள வீரர் மார்ட்டின் ருச்சின்ஸ்கியும் மோஸ்ட் நகரில் பிறந்தவர்கள். பயிற்சியாளர் ஹ்லின்கா பல ஆண்டுகள் அந்தக் கிளப்பின் தலைசிறந்த வீரர், பிறகு பயிற்சியாளர். நிலக்கரித் தூசியும் தொழிற்சாலைப் புகையும் சூழ்ந்த ஒரு சிறு வட்டாரம், அரையிறுதியிலும் இறுதியிலும் விழுந்த செக் கோல்கள் அத்தனையையும் தந்திருக்கிறது.

அதிலும் ஹ்லின்கா, ஸ்வோபோடா இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ஊரில் பிறந்து, ஒரே கிளப்பில் வளர்ந்து, ஒரே லீக்குக்குப் போனவர்கள். ஒருவர் முத்திரை குத்திய கடவுச்சீட்டோடு போனார்; மூன்று ஆண்டு கழித்து மற்றவர் ஒரு பையோடு போனார். பதினான்கு ஆண்டுக்குப் பின் ஒரே அணியின் இருக்கை வரிசையில் பயிற்சியாளராகவும் வீரராகவும் அமர்ந்திருந்தார்கள்.

அவர் பெயருக்கு ஏதோ பொருள் உண்டு என்கிறார்களே?

உண்டு. செக் மொழியில் ‘ஸ்வோபோடா’ என்றால் விடுதலை, சுதந்திரம். செக் நாட்டில் மிகப் பரவலான குடும்பப்பெயர்களுள் அது ஒன்று. ஆகவே தற்செயல்தான், என்றாலும் விடுதலை தேடி ஓடியவருக்கு அந்தப் பெயர் அமைந்ததையும், நாட்டுக்குத் தங்கக் கோலை அடித்தவர் அவரே என்பதையும் செக் ரசிகர்கள் சேர்த்துச் சொல்லாமல் இருப்பதில்லை.

அவர் எப்படி ஓய்வுபெற்றார்?

தலைக்காயத்தால். டாம்பா பே அணிக்காக 2000–01 பருவத்தில் 19 ஆட்டங்கள் மட்டுமே ஆட முடிந்தது. மூளை அதிர்ச்சியின் விளைவுகள் தீராததால் விலக நேர்ந்தது. அந்தக் காலத்தில் தலைக்காயத்தை இன்றைய அளவுக்கு யாரும் கண்டுகொள்ளவில்லை. வலியைத் தாங்கிக்கொண்டு ஆடுவதுதான் ஆண்மை என்று கருதிய லீக் அது. அவரோடு ஃபிலடெல்ஃபியாவில் ஆடிய லிண்ட்ராஸின் வாழ்க்கையையும் இதே வகைக் காயங்கள்தாம் குலைத்தன. நகானோவின் அந்தக் கோலுக்குப் பிறகு முழுதாக மூன்று ஆண்டுகூட அவரால் ஆட முடியவில்லை என்பது வருத்தம் தருகிறது.

பிறகு என்ன செய்தார்?

வீரர்களுக்கான முகவரானார். ஒப்பந்தம் பேசுவது, அணி மாற்றத்தைக் கையாள்வது ஆகிய வேலைகளைச் செய்யும் தொழில் அது. அவர் முகவராக இருந்த வீரர்களுள் யாகரும் ஒருவர். தம் முதல் ஒப்பந்தத்துக்காக நாட்டையே துறந்தவர், பின்வந்தவர்களின் ஒப்பந்தங்களை மேசையில் அமர்ந்து பேசிக்கொடுத்தார்.

இதே பெயரில் வேறொரு தற்காப்பு வீரர் இருக்கிறாரா?

ஆம். 1980 இல் பிறந்த மற்றொரு பெட்ர் ஸ்வோபோடா 2000–01 பருவத்தில் டொராண்டோ அணிக்காக 18 ஆட்டங்கள் ஆடினார். மூத்தவரின் கடைசிப் பருவமும் அதுவே என்பதால் பழைய பட்டியல்களில் இருவரும் ஒரே ஆண்டில் தென்படுவார்கள். பிறந்த ஆண்டைப் பார்த்துப் பிரித்தறிவதே எளிய வழி.

இறுதி ஆட்டத்தின் பதிவைப் பார்க்க நேர்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்றாம் பகுதியில் கோல் விழுந்த இடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஓடவிடுங்கள். வட்டைப் பார்க்காதீர்கள். செக் அணியின் நீலக் கோட்டருகே பின்னோக்கிச் சறுக்கும் இருவரைப் பாருங்கள். புரே வேகமெடுக்கும்போது அவர்கள் இடைவெளியை எப்படிக் குறைக்கிறார்கள், உடம்பை எந்தப் பக்கம் திருப்புகிறார்கள், மட்டையின் நுனியை எங்கே வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். புரே உள்ளே வர நினைத்து வெளிப்பக்கமாக ஒதுங்குவார். வட்டு மூலைக்குப் போகும். இருவரில் ஒருவர் அதை எடுத்து முன்னால் அனுப்பிவிட்டு இருக்கைக்குத் திரும்புவார். அரங்கில் யாரும் கைதட்ட மாட்டார்கள்.